ஐம்பத்தைந்து அங்குலமும் ஒரு மூக்குத்தியும்

ஈரோட்டில் உயர்ரக டிவிக்கும் சாதா டிவிக்கும் ரூபாயில் வித்தியாசம் கிடையாது. இரண்டும் ஒரே விலைதான். உயர்ரக டிவி வாங்குகிற வீட்டில் யாராவது ஒருவர் மங்கலாகிவிடுவார், அதுதான் கூடுதல் செலவு. படத்தில் அத்தனை துல்லியம் வேண்டுமென்றால் அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். வீட்டிலிருக்கும் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள். மங்கியவருக்கு வலியோ காய்ச்சலோ வராது. பேச்சு, நடை, பசி எல்லாம் முன்போலவே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு மட்டும் அவர் ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் நிற்பதுபோல் தெரிவார்.

சென்னியப்பன் இதைப் பற்றி வெகுநாளாக யோசித்துக்கொண்டிருந்தார். பெருந்துறை சாலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவர் மேனேஜர். ஒரு மிக்ஸி வாங்கக்கூட ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப் போய், அது விற்றுப்போய்விட்டது என்று தெரிந்து நிம்மதியாக வீட்டுக்கு வருகிற ஆள். ஆனால் இந்தமுறை தள்ளிப்போட முடியவில்லை. பழைய டிவியின் நடுவில் ஒரு கோடு விழுந்திருந்தது. நாடகத்தில் மாமியார் கோட்டுக்கு அந்தப் பக்கமும் மருமகள் இந்தப் பக்கமும் மாட்டிக்கொண்டு, சண்டையே சரியாக நடக்கவில்லை.

தவிர, பவானியில் சகலை குழந்தைவேல் வீட்டுக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தபோது அங்கே உயர்ரக டிவி மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார். சுவரே திறந்துகொண்டதுபோல் இருந்தது. சகலையின் சம்சாரம் வசந்தாதான் மங்கியிருந்தாள். சென்னியப்பனின் மனைவி பூங்கொடிக்கு அவள் உடன்பிறந்த தங்கை. வசந்தா காபி கொண்டுவந்தாள். டம்ளர்கள் தெளிவாக வந்தன.

"வசந்தாவுக்கு ஒண்ணும் சிரமமில்லீங்களா?" என்று சென்னியப்பன் கேட்டார்.

"அவளைக் கேட்டாத்தாங்க தெரியும்," என்றார் குழந்தைவேல், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்கதான் எங்கயாச்சும் இருப்பா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் மனைவியைக் கூட்டிக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடைக்குப் போனார். விற்பனையாளர் லோகநாதன் இரண்டு டிவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படத்தை ஓடவிட்டார். மாம்பழத்தை ஒரு கை நறுக்குகிற படம். சாதா டிவியில் அது மாம்பழமாக இருந்தது. மற்றதில், அந்தப் பழத்தைச் சந்தையில் எத்தனை பேர் அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார்கள் என்பதுவரை தெரிந்தது.

"வித்தியாசம் தெரியுதுங்களா?" என்றார் லோகநாதன்.

"தெரியுதுங்க. ஆனா வீட்ல பாக்கறப்ப பக்கத்துல இன்னொரு டிவி இருக்காதே. அப்ப எப்படிங்க வித்தியாசம் தெரியும்?"

"மங்கினவங்களைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாங்க."

சென்னியப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். மகள் தாரணிகா கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். அடையாள அட்டைக்கு இன்னும் போட்டோ எடுக்கவில்லை என்பதால் தன்னை விட்டுவிடச் சொன்னாள். சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, குடும்பத்துக்காகத் தானே மங்கிக்கொள்வதாகச் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. பூங்கொடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையில் அவர் அதற்காக ஏங்கிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறவரை அவரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாம்பாரில் உப்பில்லை, மோட்டார் ஓடவில்லை, மாப்பிள்ளையின் செருப்பைக் காணவில்லை என்றால் மட்டும் அத்தனை கூட்டத்துக்கும் அவர் முகம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிடும். மங்கலாகிவிட்டால் தூணோடு தூணாக நின்றுகொண்டு ஒரு கல்யாணத்தையாவது நிம்மதியாக முடிக்கலாம் என்று நினைத்தார்.

கடையிலிருந்து அளவெடுக்கிறவர் வந்தார். தையற்காரர் வைத்திருப்பதுபோல் ஒரு டேப்பும், ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டுவந்திருந்தார். சென்னியப்பனை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்து, முன்னால் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை பார்த்தார். பிறகு டேப்பைச் சுருட்டினார்.

"உங்ககிட்ட எடுத்தா முப்பத்திரண்டு அங்குலத்துக்குத்தாங்க காணும். அதுவும் கறுப்பு வெள்ளை."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேனுங்க. இருக்கறதை எடுத்துட்டா அப்புறம் உங்களை வீட்லயே யாரும் தாண்டிப் போகமாட்டாங்க, மிதிச்சுட்டுத்தான் போவாங்க."

தாரணிகாவையும் ஒரு பேச்சுக்கு அளந்தார். பாதி ஏற்கெனவே போனுக்குள் போய்விட்டது என்றார். பிறகு, அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற பூங்கொடியைப் பார்த்தார். கண்ணாடியை எடுக்கவே இல்லை.

"இந்த அக்காகிட்ட எடுத்தா எழுபத்தஞ்சு அங்குலம் ரெண்டு ஓட்டலாங்க. உங்களுக்கு ஐம்பத்தஞ்சுதானே? தாராளமா வரும்."

பூங்கொடி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுகிறவள். யாருக்கு எந்தப் பல், யார் பயந்து பாதியில் ஓடிப்போகிறவர் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அளவெடுக்கிறவரிடம் இரண்டு கேள்விகள்தான் கேட்டாள்.

"மங்கினதுக்கப்புறம் வெளிய தெருவ போலாங்களா?"

"எங்க வேணா போலாங்க."

"எங்க போறே, யாரு கூட வந்திருக்காங்கன்னு யாராச்சும் கேப்பாங்களா?"

"ஆளைத் தெரிஞ்சாத்தானுங்க கேப்பாங்க."

பால் பொங்கி அடங்குகிற நேரம் அவள் யோசித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "எடுத்துக்கங்க," என்றாள். சற்று அவசரப்பட்டுச் சம்மதித்துவிட்டாளோ என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. ஆனால் டிவியை எந்தச் சுவரில் மாட்டுவது என்கிற பேச்சு வந்துவிட்டதால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

டிவி நன்றாக இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிரிக்கெட்டில் புல்லின் நுனி தெரிந்தது, பந்தின் தையல் தெரிந்தது, எல்லைக்கோட்டில் நிற்கிறவன் மனதுக்குள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கூடுதலாகக் கொடுத்ததற்குத் தகும் என்றார்கள். பூங்கொடி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. காபி வந்துகொண்டிருந்தது.

கிளினிக்கிலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நாற்காலியிலிருந்து குரல் வந்தது, ஆட்கள் எழுந்து உள்ளே போனார்கள். பல்லைப் பிடுங்கப் போகிற நேரத்தில் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பது பலருக்கும் சௌகரியமாக இருந்ததாக டாக்டர் சொன்னார்.

சென்னியப்பனுக்குத்தான் சில இடைஞ்சல்கள். அடுப்படியைப் பார்த்துச் சொன்னால் பதில் மொட்டைமாடிப் படியிலிருந்து வந்தது. சோபாவில் உட்காரப் போனால், "ஆள் இருக்குது," என்றது குரல். இதெல்லாம் பழகிவிடும் என்று அவர் நினைத்தார். பழகியும் வந்தது.

ஒரு சாயங்காலம் காட்டு மிருகங்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். புல்லுக்குள்ளிருந்து ஒரு பெண் சிங்கம் வெளியே வந்தது. நின்று அவரை நேராகப் பார்த்தது. அதன் இடது புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறியது. சிங்கத்துக்குப் புருவம் கிடையாது என்பது சென்னியப்பனுக்குத் தெரியும். இருந்தாலும் ஏறியது.

"கறிவேப்பிலை மறந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் அது தெரிய ஆரம்பித்தது. செய்தி வாசிக்கிற பெண், வெள்ளம் என்று சொல்வதற்கு முன்னால் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். சென்னியப்பனின் அக்கா தங்க வரப்போகிறார் என்றால் பூங்கொடி அப்படித்தான் மடிப்பாள். வேகப்பந்து போடுகிறவன் ஓடத் தொடங்குமுன் பின்னங்கழுத்தை இரண்டு விரலால் துடைத்துக்கொண்டான். நாடகத்தில் வில்லி விஷம் கலக்கும்போது கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

"அம்மாவோட துல்லியம்தானேப்பா," என்றாள் தாரணிகா. "அப்படித்தான் இருக்கும்."

பூங்கொடி இப்போதெல்லாம் கிளினிக் முடிந்து நேரே வீட்டுக்கு வருவதில்லை. பவானியிலிருந்து வசந்தா பஸ் ஏறி வருவாள். இரண்டு மங்கலான பெண்களும் சேர்ந்து சினிமாவுக்குப் போனார்கள். ஓட்டலில் குடும்ப அறைக்குப் போகாமல் வாசலோரமாக உட்கார்ந்து மசால் தோசை சாப்பிட்டார்கள். ஒருநாள் ஈரத்துணியின் வாசனையோடு வீட்டுக்கு வந்தாள். கொடிவேரி அணைக்குப் போனதாகவும் தண்ணீர் நன்றாக விழுந்ததாகவும் சொன்னாள். குரலில் சிரிப்பு இருந்தது. முகத்திலும் இருந்திருக்க வேண்டும்.

அன்று இரவு டிவியில் நகைக்கடை விளம்பரம் வந்தது. திரை முழுக்க ஒரு பெண்ணின் மூக்கு, அதில் ஒற்றைக்கல் மூக்குத்தி. கல்லுக்குள் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்குள் மரம் தெரிந்தது. பூங்கொடிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்று சென்னியப்பன் தற்செயலாக நினைத்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

தாரணிகாவிடம் கேட்டார். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள். "இடது... இல்லப்பா. மூக்குத்தி இருக்கா அம்மாவுக்கு?"

கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தார். அதிலும் அவள் மங்கியிருந்தாள். டிவிக்காரர்கள் அந்த வேலையையும் சேர்த்துத்தான் செய்வார்கள். மாலைகள் தெளிவாக இருந்தன. மாலைக்குள் ஒரு புகை நின்றது. மங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தாலும் தன்னால் பதில் சொல்லியிருக்க முடியாது என்பது அப்போதுதான் சென்னியப்பனுக்குத் தெரிந்தது.

மறுநாளே கடைக்குப் போனார். ஒரு முடிவுக்காக அவர் ஒரே ஒரு கடைக்குப் போனது அதுதான் முதல்தடவை.

"தாராளமாத் திருப்பி எடுத்துக்கறோமுங்க," என்றார் லோகநாதன். "ஆனா எடுத்ததை அப்படியே ஆள்மேல ஊத்த முடியாதுங்க. அவங்க எப்படி இருந்தாங்கன்னு வீட்டு ஆள் ஒருத்தர் சொல்லணும். நீங்க சொல்லச் சொல்ல நாங்க வெச்சுட்டே வருவோம். சொன்னபடிதான் வருவாங்க."

"தப்பாச் சொல்லிட்டா?"

"அப்படியும் நடக்குதுங்க. கொஞ்ச நாள் முன்னால ஒருத்தர், கல்யாணத்தன்னிக்கு இருந்ததை வெச்சுச் சொல்லிட்டாரு. அந்தம்மா இப்ப காலேஜ் போறாங்க. வீட்டுக்கு வரமாட்டேன்னுட்டாங்க."

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "உயரம் வந்துங்க, என்ற தோளுக்கு இருப்பா. தோளுக்குக் கொஞ்சம் மேல. மாநிறம். முகம்..." நிறுத்தினார். "முகம் லட்சணமா இருக்குமுங்க."

லோகநாதன் பேனாவை மூடி வைத்தார்.

"எல்லாரும் அதுதாங்க சொல்றாங்க," என்றார் அவர். "பெரும்பாலும் இந்த இடத்துலதான் டிவியே இருக்கட்டும்னு திரும்பிப் போயிருவாங்க."

சென்னியப்பன் வீட்டுக்குத் திரும்பிப் போனார். பூங்கொடி கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். காய்கள் ஒவ்வொன்றாக எழும்பி, பிளந்து, பருப்பு கிண்ணத்தில் விழுந்தது. அவர் டிவியைப் போடாமல் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"பூங்கொடி, உனக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?"

கொஞ்சநேரம் ஒரு காயும் எழும்பவில்லை.

"எனக்கெப்படித் தெரியும்? கண்ணாடில பாத்தா எல்லாமே மாறித்தானே தெரியும்," என்றாள். "எதிர்ல இருந்து பாத்தவியதான் சொல்லணும்."

அவர் கையை நீட்டினார். முதலில் காதில் பட்டது. அங்கிருந்து கன்னம் வழியாக மெதுவாக வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பாத்துக்கறேன்."

அவள் நகரவில்லை. மூக்குத்தி அவளுடைய வலது பக்கத்தில் இருந்தது. ஒற்றைக்கல் இல்லை, சின்னப் பூ மாதிரி ஏதோ. இடது புருவத்தின் ஓரம் கொஞ்சம் அடர்த்தி குறைவாக இருந்தது. அது எப்படி ஏறும் என்று அவருக்குச் சிங்கத்திடமிருந்து தெரியும். மோவாய்க்குக் கீழே நெல் அளவுக்கு ஒரு தழும்பு தட்டுப்பட்டது.

"இது எப்ப வந்துச்சு?"

"கல்யாணமான புதுசுல மொபெட்ல இருந்து விழுந்தது."

"யாரு ஓட்டுனாங்க?"

"நீங்கதான்."

சென்னியப்பன் தழும்பிலிருந்து விரலை எடுக்கவில்லை. டிவி அணைந்திருந்தது. ஆனாலும் கறுப்பு மிக ஆழமான கறுப்பாக இருந்ததால், திரை தங்களைக் கவனித்துக்கொண்டிருப்பதுபோல் அவருக்குப் பட்டது. அவர் கடையில் நடந்ததைச் சொன்னார். திரும்பி வருகிறாயா என்று கேட்டார்.

அவள் உரித்த மொச்சையைக் கிண்ணத்தில் அளைந்துகொண்டிருந்தாள். "வரமாட்டேன்னு சொல்லலீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்படியே இருக்கறேன். நானும் வசந்தாவும் ஒகேனக்கல் போலாம்னு இருக்கறோம்."

"நானும் வரட்டுமா?"

"நீங்க வந்தா தெரியுமே. அப்புறம் உங்களை யாராச்சும் எதாச்சும் கேட்டுட்டே இருப்பாங்க."

அதுவும் சரிதான் என்று அவர் தனியாக இருந்துகொண்டார். அந்த நாட்களில் டிவியை முன்பைவிட அதிகமாகப் பார்த்தார். செய்தி வாசிக்கிறவளின் உதட்டை, பந்து போடுகிறவனின் இரண்டு விரலை, வில்லியின் மணிக்கட்டை. விளம்பரத்தில் ஒரு குழந்தை தும்மியபோது, தும்மலுக்கு முன்னால் அது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டது. அதையும் மனதில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை டிவியோடு மூவரும் கடைக்குப் போனார்கள். பூங்கொடியை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். சென்னியப்பன் நின்றுகொண்டே சொன்னார். நடுவில் நிறுத்தவில்லை. லோகநாதன் ஒரேயொரு இடத்தில் குறுக்கிட்டார்.

"வலது பக்கம்னா உங்க வலதுங்களா, அவங்க வலதுங்களா?"

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் கையை நீட்டி, காதிலிருந்து கன்னம் வழியாக மெதுவாக வந்தார். "அவ வலது," என்றார்.

பூங்கொடி தெரிய ஆரம்பித்தாள். முதலில் புடவையின் மடிப்பு, பிறகு கை, கடைசியாக முகம். கடையில் மாட்டியிருந்த கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நான் இவ்வளவு குண்டாவா இருந்தேன்?"

"அப்படித்தான் இருந்தே," என்றார் சென்னியப்பன்.

இடது புருவம் ஏறியது. லோகநாதன் ரசீதுக் கட்டை எடுக்கப்போவதுபோல் கடையின் பின்பக்கம் போய்விட்டார். சென்னியப்பனுக்கு ஊர் வந்து சேர்ந்ததுபோல் இருந்தது.

அதே விலைக்குச் சாதா டிவி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் சகலை குழந்தைவேல் வந்து அதைப் பார்த்துவிட்டு, நல்லதை எதற்காக விட்டீர்கள் என்று கேட்டார்.

"கறுப்பு ரொம்பக் கறுப்பா இருந்துச்சுங்க," என்றார் சென்னியப்பன்.

குழந்தைவேல் தலையாட்டினார். காபியைக் குடித்து முடித்து, கிளம்பி வாசல்வரைக்கும் போனவர், பூங்கொடியிடம் திரும்பிவந்து தாழ்ந்த குரலில், வசந்தாவுக்குக் காதோரம் மச்சம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"நீங்களே போய்ப் பாருங்க," என்றாள் பூங்கொடி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவரும் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாடகத்தில் கல்யாணம். மேளம் ஓய்ந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரையின் ஓரத்துக்கு வந்தார். சாதா டிவி என்பதால் அவருக்கு வெளியே சென்னியப்பன் வீட்டுக் கூடம் சரியாகத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இங்க மண்டபத்து மேனேஜர் யாருங்க?"

"நான்தானுங்க," என்று சென்னியப்பன் எழுந்து நின்றார்.

"ரெண்டாவது பந்திக்கு அப்பளம் வரலைங்களே."

பூங்கொடி அடுப்படிக்குப் போய் எண்ணெய் வைத்தாள். தாரணிகா அப்பளக் கட்டைப் பிரித்துக்கொண்டே, எத்தனை இலை என்று கேட்டாள். மாப்பிள்ளையின் அப்பா திரும்பி நின்று எண்ண ஆரம்பித்தார்.